அறுபதாவது கட்டைவிரல்

பிசின்காரியின் புருஷன் செத்து ஏழு மாதம் ஆகிறது. அரசாங்கத்துக்கு மட்டும் அந்தச் செய்தி இன்னும் போகவில்லை. போகவிடவில்லை என்று சொல்வதுதான் நியாயம். அவன் விழுந்த மரம் எது, எந்தக் கிளை முறிந்தது, அதன் அடியில் எந்த இடத்தில் புதைத்தார்கள் என்பதெல்லாம் ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனால் ஊர்ப் பதிவேட்டில் மனுஷன் கல்லுக்குண்டு மாதிரி உயிரோடு இருந்தான். வயதுகூட ஒன்று ஏறியிருந்தது.

இதில் மோசடி இருக்கிறது, துக்கம் இல்லை என்று யாராவது நினைத்தால் அவர்கள் அந்த ஊருக்குப் போனவர்கள் அல்ல. போகவும் முடியாது. காட்டுக்கு நடுவில் ஆற்றங்கரையில் பத்தொன்பது வீடுகள். வருஷத்தில் எட்டு மாதம் மழை, மீதி நாலு மாதம் மரத்திலிருந்து சொட்டும் மழை. துணி காய்வதில்லை, விறகு காய்வதில்லை, புண் காய்வதில்லை. வெளியே போகக் காட்டுப் பாதை ஒன்று உண்டு. இரண்டு நாள் நடை, முழங்கால் வரைக்கும் அட்டைப்பூச்சி, நடுவில் மூன்று ஓடை. மழைக்காலத்தில் அந்த மூன்று ஓடையும் ஒரே ஓடையாகிவிடும். மருந்து வர வழி என்றால் மாதம் ஒருமுறை வரும் மருத்துவப் படகுதான். அந்தப் படகு அறுபது பேருக்குக் குறைந்த ஊரில் நிற்காது. அது மேலே உட்கார்ந்திருக்கும் யாரோ போட்ட விதி. ஐம்பத்தொன்பது பேருக்குக் காய்ச்சல் வராது என்று அவருக்கு யார் சொன்னார்களோ.

பதிவேட்டில் ஊர்க் கணக்கு மிகச் சரியாக அறுபது. அதில் மூன்று பேர் மண்ணுக்குள் இருந்தார்கள். அந்த மூவரில் ஒருவன் பிசின்காரியின் புருஷன்.

அவளுக்கு ஒரே மகள். ஒன்பது வயது. வலிப்பு. தினம் ஒரு மாத்திரை போட்டால் பாட்டுப் பாடிக்கொண்டு தகரக் குவளைகளைக் கழுவி அடுக்குவாள். போடாவிட்டால் என்ன ஆகும் என்பது போன வருஷம் படகு பதினோரு நாள் பிந்தியபோது தெரிந்தது. ஐந்தாம் நாள் ஒருமுறை, ஆறாம் நாள் நான்குமுறை. எட்டாம் நாள் அடுப்புப் பக்கம் விழுந்தாள். இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை சுருங்கிக் கிடக்கும் தோல் அன்றைக்கு வந்தது. படகு மட்டும் பன்னிரண்டாம் நாள் வந்திருந்தால் மாத்திரையை வாங்கிக்கொள்ளப் பிள்ளை இருந்திருக்காது என்று நர்ஸம்மா சொன்னாள். இதை ஆறுதலாகச் சொன்னாளா, எச்சரிக்கையாகச் சொன்னாளா என்று பிசின்காரி இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறாள்.

டவுனுக்குப் போய்விடலாமே என்பார்கள். டவுனில் மரம் இருக்கிறதா? அவளுக்குத் தெரிந்ததெல்லாம் மரம். எந்த மரத்தை எத்தனை விரல் ஆழம் கீறினால் பிசின் வரும், எந்த மரம் கோபித்துக்கொண்டு காய்ந்து போகும் என்று தெரியும். நாற்பது மரங்கள், புருஷன் பெயரில் அனுமதிச் சீட்டு. அவன் செத்ததாக எழுதிக்கொடுத்தால் சீட்டு சட்டப்படி பெண்டாட்டி பெயருக்கு மாறும். மரம் அவளுடையதாகும். ஆனால் அந்த நிமிஷமே ஊர் ஐம்பத்தொன்பது, படகு கிடையாது. ஆகவே மனுஷன் உயிரோடு இருந்தான்.

இப்படியே ஓடிக்கொண்டிருந்ததில் ஒருநாள் ஊர்த்தலைவர் எல்லோரையும் கூப்பிட்டார். கீழேயிருந்து தகவல் வந்திருக்கிறது. நாளைக்குப் படகில் கணக்கெடுப்புக்காரர் வருகிறார். இந்தத் தடவை பெயர் சொன்னால் போதாது. ஆள் நேரில் வந்து நிற்க வேண்டும், இடது கட்டைவிரலை மையில் தோய்த்து வைக்க வேண்டும். மை ஒரு வாரத்துக்கு அழியாது. ஒரே ஆள் இரண்டு தடவை வரிசையில் நிற்கிற வழக்கமான வேலையெல்லாம் நடக்காது.

செத்தவர்கள் மூன்று பேருக்கும் ஆள் தேட வேண்டும். ஒரு கிழவருக்குப் பதிலாகத் தலைவரின் மாமனாரையே நிறுத்துவதென்று முடிவாயிற்று. ஆற்றின் மேல்புறத்து ஊரிலிருந்து விருந்துக்கு வந்து மூன்று வாரமாகக் கிளம்பாமல் இருக்கிற மனிதர், முதன்முறையாக உபயோகப்பட்டார். இன்னொருவருக்குக் கால் முறிந்து ஊரில் தங்கிய ஒரு மரவெட்டி. மூன்றாவது ஆளுக்கு நாற்பது வயது ஆண் வேண்டும், வெளியாள் வேண்டும், வாயடக்கமும் வேண்டும். பிசின்காரியின் தம்பி இருக்கிறான், ஆனால் இரண்டு நாள் நடைக்கு அந்தப் பக்கம். துறையில் தோணியைக் கட்டிவிட்டுப் பிசின் எடை போட்டுக்கொண்டிருந்த ஒரே ஒரு வெளியாளை எல்லோரும் ஒரே சமயத்தில் திரும்பிப் பார்த்தார்கள்.

தராசு. ஊர் அவருக்கு வைத்த பெயர். பிசின் வியாபாரி. மாதம் ஒருமுறை தோணியில் வருவார். மாத்திரையை அவரிடம் வாங்கிவரச் சொல்ல முடியாது, அது கடையில் விற்பதில்லை, நர்ஸம்மா பிள்ளையைப் பார்த்துத்தான் கொடுப்பாள். பத்து வருஷமாகப் பிசின்காரியோடு பேரம் பேசியவர். முதலில் புருஷனோடு பேசிப் பார்த்தார். அவன் சொன்ன விலைக்குத் தலையாட்டுகிற ஆள் என்பதால் அவரே சலித்துப்போய், "தங்கச்சிய வரச் சொல்லுப்பா, பேசற மாதிரியாவது இருக்கும்" என்றாராம். மற்றவர்கள் காதில் விலை விழக்கூடாது என்பதற்காக இருவரும் ஒரு துண்டைப் போட்டு அதன் அடியில் கை கோத்து, விரலைத் தொட்டே பேசுவார்கள். விரலைப் பிடித்தால் விலை, கட்டைவிரலை அமுக்கினால் முடிவு. அவர் கட்டைவிரலில் குறுக்கே ஒரு பழைய வெட்டுத் தழும்பு உண்டு. கண்ணை மூடிக்கொண்டு ஆயிரம் விரல்களுக்கு நடுவில் அதை அவளால் கண்டுபிடிக்க முடியும்.

அவள் போய்ச் சுற்றி வளைக்காமல் கேட்டாள். அவர் எடைக்கல்லைக் கீழே வைத்தார்.

"அதாவது, உன் வீட்டுக்காரரா நான் நிக்கணும்."

"ஒரு அரை நாளுண்ணே. கைய வச்சிட்டுப் போயிடுங்க."

"பத்து வருஷமா தங்கச்சின்னு கூப்பிட்டேன். வாய் கூசுது." அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். பேரத்தின் முதல் சிரிப்புக்கு அர்த்தம் கிடையாது என்று இருவருக்கும் தெரியும்.

ஆறு மாதத்துக்குப் பிசினை அவர் சொன்ன விலைக்கே தருகிறேன் என்றாள். அவர் தலையாட்டவில்லை. ஒரு வருஷம் என்றாள். அவர் ஆற்றைப் பார்த்தார். சரக்கு பிடிக்காத மாதிரி முகத்தை வைத்துக்கொள்வதில் அவர் கெட்டிக்காரர். ஆனால் இந்தத் தடவை அது அந்த முகம் இல்லை என்று அவளுக்குப் பட்டது. ஒரு பெரிய சரக்கு தானாக வந்து மடியில் விழும்போது மனுஷனுக்கு வரும் லேசான பயம் அது.

"தங்கச்சி, உனக்கு ஒண்ணு புரியல. மத்தவன்னா சொல்லாம வாங்கிட்டுப் போயிடுவான். நான் சொல்லிட்டு வாங்கறேன்" என்றார். "வன ஆபீஸுல அடுத்த மாசத்துலேருந்து சீட்டுப் புதுப்பிக்கக் கைரேகை கேப்பாங்க. இந்தக் கணக்குத் தாள்ல இருக்கிற ரேகையோட ஒத்துப் பாப்பாங்க. நாளைக்கு உன் வீட்டுக்காரர் பேருக்கு நேரா என் விரல் விழுந்துச்சுன்னா, அந்தப் பேரு என்னுது. சீட்டு என்னுது. நாப்பது மரமும் என்னுது."

அவள் கீழே இருந்த எடைக்கல்லை எடுத்து மறுபடி அங்கேயே வைத்தாள்.

"நீங்க புதுப்பிக்காம எனக்கு விட்டுடலாமேண்ணே."

"விடலாம். என்னை எவ்வளவு நாளாத் தெரியும் உனக்கு?"

 அவர் கெட்டவர் இல்லை, அதுதான் சங்கடம். கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டு வந்திருக்கலாம். மடியில் விழுந்ததைத் தட்டிவிடாத ஒரு சாதாரண வியாபாரி. அவர் இடத்தில் அவள் இருந்தால் அவளும் தட்டிவிட்டிருக்க மாட்டாள்.

அன்று பகல் முழுக்க வீடு வீடாக ஏறி இறங்கினாள். ஊர்க்காரர்களிடம் இருந்த விரலெல்லாம் அவரவர் பெயருக்கே செலவாகிறது. தலைவர் தலையைச் சொறிந்தார். உன் ஒருத்திக்காகச் சொல்லவில்லை, என் பெண்டாட்டிக்கு மூச்சிறைப்பு மருந்து, தச்சன் பெண்டாட்டி வயிற்றில் பிள்ளை, எல்லாருக்கும் அந்தப் படகுதான் என்றார். மரத்தை விட்டுக்கொடு என்று வாய்விட்டு அவர் சொல்லவில்லை. சொல்லாமலே கேட்கத் தெரிந்ததால்தான் அவர் தலைவர்.

வீட்டுக்கு வந்தபோது மகள் வாசலில் உட்கார்ந்து மாத்திரை அட்டையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து எண்ணிக்கொண்டிருந்தாள். எண்ணுவதற்கு அதிகம் ஒன்றும் இல்லை. இரண்டு.

"அம்மா, நாளைக்குப் படகு வருமில்ல?"

"வரும்."

"வந்துட்டு அப்புறமும் வருமில்ல?"

பிசின்காரி துண்டை எடுத்துக்கொண்டு துறைக்குத் திரும்பி நடந்தாள்.

மரம் கீறுவது அவள், கிடைப்பதில் பாதி அவளுக்கு என்று ஆரம்பித்தாள். அவர் கால் பங்கு என்றார். துண்டுக்கு அடியில் விரல்கள் முன்னும் பின்னும் போயின. மூன்றில் ஒரு பங்கில் வந்து நின்றது. அவள் அந்தத் தழும்புக் கட்டைவிரலை அமுக்கினாள். பத்து வருஷத்தில் அவள் முடித்த பேரங்களில் அவர் முகத்தைப் பார்க்காமல் முடித்தது அது ஒன்றுதான்.

மறுநாள் காலை படகு ஊதிக்கொண்டு வந்தது. கணக்கெடுப்புக்காரர் இளவயது. வெள்ளைச் சட்டை, பிளாஸ்டிக் உறைக்குள் தாள்கள், இடுப்பு வரை சேறு. இறங்கும்போதே வழுக்கி விழுந்திருந்தார். அதனால் அவருக்கு ஊர்மேல் கோபம். துறைக் கொட்டகையில் மேசை போட்டு, மைப் பெட்டியைத் திறந்தார். பக்கத்தில் நர்ஸம்மா. பின்னால் படகோட்டி. இந்த இருவருக்கும் ஊரில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று விரல்நுனியில் தெரியும். படகோட்டி பீடியைப் பற்றவைத்து ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஊர் குறைந்தால் அவருக்கும் நடை குறையும், கூலி குறையும்.

வரிசை நகர்ந்தது. தலைவரின் மாமனார் செத்த கிழவரின் வயதைப் பத்து வருஷம் குறைத்துச் சொன்னார். அதை மட்டும் அவரால் ஒப்புக்கொள்ள முடியவில்லை போலிருக்கிறது. மரவெட்டி நொண்டிக்கொண்டு போய் விரலை வைத்தான். தச்சன் பெண்டாட்டி சாரலுக்காக முக்காடு போட்டு, ஒரு துணி மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்காகத் தலைவர் குனிந்து கணக்கெடுப்புக்காரரிடம் ஏதோ நெடுநேரம் சொன்னார். பிசின்காரிக்கு அது காதில் விழவில்லை. அவளுக்குத் தன் முறை வருகிற கவலை.

தராசு வேட்டியை மடித்துக் கட்டி, அவள் புருஷனின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். சட்டை தோளில் இறுக்கிப் பிடித்தது. "இன்னிக்கு மட்டும் அண்ணேன்னு வாய் தவறிடாதே" என்று காதோரம் சொன்னார்.

பெயர் கேட்டார்கள். புருஷன் பெயரை அவர் வாயால் கேட்டபோது அவள் மகளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். அப்பா பெயர், வயது, தொழில், எல்லாவற்றையும் தடுக்காமல் சொன்னார். நல்ல வியாபாரி, சரக்கை முன்கூட்டியே பார்த்து வைத்திருந்தார். கணக்கெடுப்புக்காரர் அவருடைய கைகளைப் பார்த்தார். பிசின் கீறுகிறவன் கையில் கறுப்புக் கறை ஏறியிருக்கும். இது தராசு பிடிக்கிற கை.

"இவர்தானா?" என்று நர்ஸம்மாவைக் கேட்டார்.

ஏழு மாதத்துக்கு முன்னால், படகு வந்த நாளில் மரத்திலிருந்து விழுந்த அவள் புருஷனின் கண்களை மூடிவிட்டவள் நர்ஸம்மாதான். அவள் கையிலிருந்த நோட்டைப் புரட்டினாள். "இவர்தான். போன மாசம்கூட பிரஷர் பாத்தேன். கொஞ்சம் ஜாஸ்தி" என்றாள், தலையை நிமிர்த்தாமல்.

"உங்க வீட்டுக்காரர்தானேம்மா?"

"ஆமாங்க" என்றாள் பிசின்காரி. குரல் வந்துவிட்டது. அது வந்ததே அவளுக்கு ஆச்சரியம்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் சேற்றில் விழுந்த மனுஷனுக்குச் சந்தேகம் சீக்கிரம் போகாது. அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்ற மகளைப் பார்த்துக் குனிந்தார்.

"அப்பா எங்க பாப்பா?"

எல்லோருக்கும் ஒத்திகை நடந்திருந்தது, ஊர்க் கிழவி வரைக்கும். இந்தப் பிள்ளையை யாரும் நினைக்கவில்லை. மகள் அந்தச் சட்டையைப் பார்த்தாள், அதற்குள் இருந்தவரைப் பார்த்தாள். அப்புறம் காட்டுப் பக்கம் கையை நீட்டி, "அப்பா மரத்துக்கிட்ட இருக்காரு" என்றாள்.

 பிசின்காரி மகளின் தோளைப் பிடித்திருந்தாள். எவ்வளவு இறுக்கமாகப் பிடித்தாள் என்பது சாயங்காலம் அந்தத் தோளில் ஐந்து விரலும் பதிந்திருந்ததைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

தராசு முழங்காலிட்டு உட்கார்ந்தார். "காலையில மரத்துக்கிட்டத்தான் கண்ணு இருந்தேன். அய்யா வந்திருக்காருன்னு இறங்கி வந்துட்டேன்" என்றார், தேன் மாதிரிக் குரலில்.

மகள் அவரையே பார்த்தாள். அப்பா இறங்கி வந்துவிட்டார் என்றால் சந்தோஷப்பட வேண்டுமா என்று யோசிப்பது போல இருந்தது. பின் அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். அம்மாவின் முகத்தில் என்ன கண்டாளோ, மெதுவாகத் தலையாட்டினாள்.

கணக்கெடுப்புக்காரர் மைப் பெட்டியை நகர்த்தினார். தழும்போடு கூடிய கட்டைவிரல் தாளில் இறங்கியது. அறுபது.

நர்ஸம்மா அட்டை மாத்திரைகளை அவள் கையில் வைத்தபோது வழக்கமாகச் சொல்லும் எச்சரிக்கை எதையும் சொல்லவில்லை. வேகமாகப் படகில் ஏறிக்கொண்டாள்.

அடுத்த மாதம் தராசு புதுச் சீட்டோடு வந்தார். கையில் உளி. மரத்தில் அவரவர் அடையாளத்தைக் கொத்தி வைப்பது பிசின் வேலையில் வழக்கம். அவள் புருஷன் கொத்தியிருந்தது இரண்டு கோடும் ஒரு வளைவும். முதல் மரத்தில் அதைச் செதுக்கி எடுக்க அவர் உளியை வைத்தபோது பிசின்காரி குறுக்கே போய் நின்றாள். இந்த ஒரு மாதமாக அவள் யோசித்து வைத்திருந்த சரக்கை அப்போதுதான் கடைவிரித்தாள்.

"நில்லுங்கண்ணே. உங்க உசுரு என் கையில இருக்கு."

அவர் உளியை இறக்கினார்.

"தாள்ல நீங்க என் வீட்டுக்காரர். வீட்டுக்காரர் செத்துட்டார்னு பொண்டாட்டி சொன்னா போதும், ரெண்டு சாட்சி போதும். சீட்டு எனக்கு வந்துடும். என்னைக்கு வேணும்னாலும் நான் உங்களச் சாகடிக்கலாம்."

தராசு அவளை மரியாதையோடு பார்த்தார். கெட்டிக்காரச் சரக்கைப் பார்த்தால் அவருக்கு உண்மையிலேயே பிடிக்கும். "நல்லாத்தான் பேசற. நான் செத்தா ஊரு அம்பத்தொம்பது ஆயிடுமே தங்கச்சி. அதுக்கு என்ன பண்ணுவே?"

"தச்சன் வீட்டுல இன்னும் ரெண்டு மாசத்துல பிள்ளை பொறக்கும். அன்னிக்கு அறுபத்தொண்ணு. மறுநாள் நீங்க இல்ல."

இதுதான் அவள் கையிருப்பு. ஒரு மாதமாகத் தச்சன் வீட்டுக்கு விறகும் தண்ணீரும் அவளே சுமந்தாள். தச்சன் பெண்டாட்டியைச் சேற்றில் நடக்கவிடவில்லை. பெற்ற தாய்கூட அப்படிப் பார்த்துக்கொண்டதில்லை என்று அந்தப் பெண் கண்கலங்கினாள். அவளுக்கு எங்கே தெரியும், அந்த வயிற்றுக்குள் இருப்பது நாற்பது மரம் என்று.

 தராசு உளியை அரையில் செருகிக்கொண்டு, "தலைவர ஒரு வார்த்தை கேட்டுட்டு வா. நான் இங்கயே இருக்கேன்" என்றார். அந்தக் குரலில் கேலி இருந்திருந்தால் பரவாயில்லை. இரக்கம் இருந்தது.

தலைவர் முதலில் மழுப்பினார். பிறகு சொல்லிவிட்டார். தச்சனின் தம்பி கீழே மரக் கிடங்கு வேலைக்குப் போனவன், கணக்கெடுப்புக்கு முந்தின வாரம், இனி வரமாட்டேன் என்று சொல்லியனுப்பிவிட்டான். ஊருக்குத் தெரிந்தால் பயப்படுவார்கள் என்று அவர் மறைத்துவிட்டார். ஒரு தலை குறைந்தது. கைக்குழந்தைக்கு விரல் வைக்க வேண்டாம், தாய் சொன்னால் போதும். ஆகவே தச்சன் பெண்டாட்டி கையில் துணியைச் சுருட்டிக் கொடுத்து, "பதினஞ்சு நாள் குழந்தை, சாரல் ஆகாது" என்று எழுத வைத்துவிட்டார். ஆறு மாத வயிறு, பெற்று இறங்கின வயிறு மாதிரியே இருந்தது வசதியாகப் போயிற்று.

"வேற என்னம்மா பண்றது, நீயே சொல்லு" என்றார். "பொறக்கப் போறதுதானே, கொஞ்சம் முன்னாடி எழுதிட்டேன்."

 அவள் திரும்பி வரும்போது முதல் மரத்தில் வேலை முடிந்திருந்தது. இரண்டு கோடும் வளைவும் இருந்த இடத்தில் பச்சை மரம் ஈரமாகத் தெரிந்தது. அதற்குமேல் ஒரு சின்னத் தராசு.

அன்றைக்கு ராத்திரி இல்லை, மறுநாள் காலையில்தான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. தினம் ஒரு மாத்திரை. அதைப் பாதியாக உடைத்துக் கொடுத்தால் மாதம் பதினைந்து மிச்சம். ஒரு வருஷத்தில் ஆறு மாதத்துக்கான மாத்திரை கையில் இருக்கும். ஆறு மாதம் படகு வேண்டாம். அந்த ஆறு மாதத்தில் மனுஷனைச் சாகடித்து, சீட்டை வாங்கி, மழை நின்ற மாதத்தில் நடந்துபோய்... அதற்குமேல் அவள் யோசனை தெளிவாக ஓடவில்லை. ஓடியதுவரை போதும் என்று கத்தியை எடுத்தாள். மரம் கீறுகிற கத்தி. மாத்திரை சரிபாதியாக உடைந்தது. ஒரு பாதியை மகள் வாயில் போட்டாள். மறுபாதியைத் தகர டப்பாவில் போட்டு மூடினாள்.

முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாளும் ஒன்றுமில்லை. டப்பாவை ஆட்டிப் பார்த்தாள், இரண்டு பாதிகள் கிலுகிலுத்தன. ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் வீட்டில் ஏதோ சேர்கிற சத்தம்.

மூன்றாம் நாள் காலை மகள் குவளைகளைக் கழுவிக்கொண்டே பாடினாள். பாட்டு நடுவில் நின்றது. பிசின்காரி திரும்பிப் பார்த்தாள். மகளின் உதட்டோரம் ஒரு பக்கமாக இழுத்தது, யாரோ கண்ணுக்குத் தெரியாத நூலைக் கட்டி இழுப்பது போல. கையிலிருந்த குவளை விழுந்தது. "அம்மா, எனக்கு ஒரு வாசனை வருது" என்றாள் பிள்ளை. வலிப்பு வருவதற்கு முன்னால் அவளுக்கு எப்போதும் வருகிற அந்தக் கருகல் வாசனை.

டப்பா மூடி திறக்க வரவில்லை. ஈரத்தில் பிசின் ஒட்டியிருந்தது. கல்லில் அடித்து உடைத்தாள். பாதி மாத்திரைகள் சேற்றில் சிதறின. அவற்றைப் பொறுக்கி, மண்ணோடு, நடுங்குகிற அந்த வாய்க்குள் வைத்து, தாடையைப் பிடித்துக்கொண்டு மடியில் கிடத்தினாள். வந்தது. வலிப்பு போகிற வரைக்கும் பிடித்திருந்தாள். அப்புறம் மகள் தூங்கினாள். பிசின்காரி உடைந்த டப்பாவை எடுத்து ஆற்றில் எறிந்தாள்.

அதற்கடுத்த மாதம் தராசு வந்தபோது மெலிந்திருந்தார். வழியில் காய்ச்சல் வந்ததாம், பத்து நாள் படுக்கையாம். பேச்சுக்கு நடுவில் இருமினார். பிசின்காரி அவர் இருமுவதைக் கேட்டாள். கேட்டு, அடுப்பில் கஷாயம் வைத்தாள். அவர் கேட்கவில்லை. அவளாகவே வைத்தாள். ஆற்றிக் கொடுத்து, அவர் முழுக்கக் குடிக்கிறாரா என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன தங்கச்சி, கவனிப்பு பலமா இருக்கு?"

அவள் துண்டை விரித்தாள். அவர் அடியில் கையை நீட்டினார். பேரம் பேச ஒன்றுமில்லை, பங்கு எப்போதோ முடிவானது. ஆனாலும் அவள் அந்தத் தழும்பைத் தேடிப் பிடித்தாள். விரல் இன்னும் சூடாக இருந்தது. காய்ச்சல் முழுக்க விடவில்லை. அடுத்த கணக்கெடுப்பிலும் இந்த விரல்தான் விழ வேண்டும், வேறு விரல் ஒத்துப்போகாது.

"மழையில நனையாதீங்கண்ணே" என்றாள். "நீங்க நூறு வயசு இருக்கணும்."

அதைச் சொல்லும்போதும் அந்த விரலை அவள் விடவில்லை. அவர் அவள் முகத்தையே பார்த்தார். வாழ்க்கையில் எத்தனையோ பேர் அவரை வாழ்த்தியிருக்கிறார்கள். இவ்வளவு மனதாரச் சொன்னவர் யாருமில்லை.